தண்ணீர் குடிக்காத ஏட்டம்மா

அந்தப் போன் வந்தபோது நான் கடையில் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்ததும் ஓர் ஆண்குரல், "பூங்கொடிங்களா? ருக்மணியம்மா தவறிட்டாங்க. நாளைக்குக் காலைல எடுக்கறாங்க. அஸ்தம்பட்டி ஊட்டுக்கு வந்துருங்க" என்றது.

நான் நம்பவில்லை. நீங்கள் யார், இந்த நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்றார். எந்தப் பக்கத்து வீடு, கிழக்கா மேற்கா என்றேன். பிறகு, "ஏனுங்க, எழவு சொல்லப் போன் பண்ணினா இத்தனை கேள்வி கேக்கறீங்க?" என்று மனம் நொந்து சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உடனே ருக்மணியம்மாவின், அதாவது எங்கள் ஏட்டம்மாவின், நம்பருக்கே போட்டேன். எடுத்ததும் வழக்கம்போல "எதுக்கு?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். எடுத்தது அவருடைய மகள் சாந்தி. "நெசந்தானுங்க அக்கா. மார்வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. காலைலிருந்து எல்லாரும் இப்படித்தான் திருப்பிக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. எங்கம்மா எல்லாத்தையும் நல்லாப் பழக்கி உட்ருக்காங்க" என்றார். அழுகைக்கு நடுவே அவருக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. ரவிக்கைத் துணியை அப்படியே சுருட்டி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

காரியத்தன்று கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, என்னையும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார் சாந்தி. யாரெல்லாம் படிப்பார்கள், எத்தனை பேருக்குப் போகும் என்று விசாரித்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். ஏட்டம்மா உதவி செய்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருத்தர் சங்கதியை இன்னொருத்தரிடம் அவர் சொல்லவே மாட்டார். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்கு அது போதும்.

எங்களுக்குச் சேந்தமங்கலம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில், போர் போடும் வேலைக்கு, வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். வீட்டில் நானும் மாமியாரும்தான். ஒரு நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது, பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தார்கள். கொடியும் போயிற்று, நானும் ரோட்டில் விழுந்தேன். வலது முழங்கை நொறுங்கிப் போனது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு கை மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, சோறு அள்ளி வாயில் வைக்க முடியவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்கலாம், அதையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் அதை வெளியே தனியாரிடம்தான் செய்ய வேண்டும். கடை மூடிக் கிடந்தது. செலவுக்கு எங்கே போவது?

கை வலியைவிடப் பெரிய வலி வீட்டுக்குள் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து என் தம்பி நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரி பெயின்ட் பட்டறை ஆரம்பித்திருந்தான். என் நாத்தனார் கணக்குப் போட்டுவிட்டார். "கொடியைப் பொறந்தவனுக்குக் குடுத்துப் போட்டு, ரோட்ல உளுந்து நாடகம் ஆடறா" என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். மாமியார் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவன் கையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் புகார் எழுதியிருந்தோம். திருடன் கிடைத்தால் சொல்கிறோம் என்றார்கள். இடையில் வக்கீல் குமாஸ்தா என்று சொல்லிக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். அரசாங்கத்தில் பணம் வாங்கித் தருகிறேன், வருவதில் பாதி எனக்கு, இந்த வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். என் கை மடங்காமல் இருந்ததும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. இடது கையால் போடப் பழகிக்கொள்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரத்தில்தான் ஏட்டம்மா வந்தார். நல்ல உயரம். நரைத்த தலையை இழுத்துக் கொண்டை போட்டிருந்தார். சேலை மடிப்பில் ஊக்கு, கையில் குடை, தோளில் துணிப்பை. வாசலிலேயே நின்று, "பூங்கொடிங்கறது நீங்களா அம்மிணி? நான் ருக்மணி. போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவ. உங்களுக்கு இழப்பீடு கேக்கற வழி இருக்குது, அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

வெள்ளைச் சட்டை போன சூடு ஆறவில்லை, அடுத்தது சேலை கட்டி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற சிஸ்டர் பெயரைச் சொன்னார். "என் பேச்ச நம்பாதீங்க. அவங்களுக்குப் போன் பண்ணிக் கேளுங்க. நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். நான் உண்மையிலேயே போன் பண்ணி, சிஸ்டரிடம் அடையாளமெல்லாம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டேன். அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சரியாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

மாமியார் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். ஏட்டம்மா சொம்பைக் கையால் தொடவில்லை. "இருக்கட்டுங்க, எனக்கு வேண்டாமுங்க" என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்துகொண்டு தன் தண்ணீரைக் குடித்தார்.

மாமியார் முகம் சுருங்கிவிட்டது. ஏட்டம்மா எந்த வகையறா என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. நாங்கள் எந்த வகையறா என்பது நாங்கள் குடியிருக்கும் தெருவிலேயே தெரியும். அவர் போன பிறகு மாமியார் சொம்புத் தண்ணீரை வாசலில் கொட்டினார். "நம்ம தண்ணி ஆகாதாமா. அப்படிப்பட்டவ நமக்கு எதுக்கு வந்து நல்லது பண்றா? அவள இனிமே ஊட்டுக்குள்ள உடாத" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது.

ஆனாலும் அவர் சொல்லிவிட்டுப் போனது மனதில் நின்றது. திருடன் பிடிபட்டால்தான் இழப்பீடு என்பது இல்லை, ஆள் யாரென்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் கேட்கலாம் என்றார். நாமக்கல் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே மனு கொடுக்க வேண்டும், வைத்தியத்துக்கு அவசரம் என்றால் முன்கூட்டியே ஒரு தொகை கேட்கலாம், வக்கீலுக்குக் கூலி கிடையாது, எஃப்.ஐ.ஆர். நகலுக்கும் காசு கிடையாது என்றார். "இதுல எதையும் நான் சொன்னேன்னு செய்யாதீங்க. நீங்களே போயி அங்க கேட்டுக்குங்க. யாரையும் நம்பாதீங்க. என்னையும் சேத்துத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

என்னையும் நம்பாதே என்று சொல்கிற புரோக்கரை நான் பார்த்ததில்லை. இது புதுவிதமான தந்திரமாக இருக்குமோ என்றுதான் முதலில் யோசித்தேன்.

நானே நாமக்கல் போய் விசாரித்தேன். ஏட்டம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று போட்ட சீட்டில் 'வண்டியிலிருந்து தவறி விழுந்து' என்று எழுதியிருந்தார்கள். எஃப்.ஐ.ஆரில் பறிப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டில் விபத்து. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மனு நிற்பது கடினம் என்று அந்த அலுவலகத்தில் பொறுமையாக விளக்கினார்கள். அந்தச் சீட்டின் விஷயம் எப்படியோ நாத்தனார் காதுக்கும் எட்டியது. ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறது பாருங்கள் என்று மறுபடியும் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஏட்டம்மாவைத் தேடிச் சேலத்தில் அஸ்தம்பட்டிக்குப் போனேன். ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் மாடி வீடு. கணவர் முன்பே தவறிவிட்டார். ஒரே மகள் சாந்தி பள்ளிக்கூட டீச்சர். நான் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்து, "அம்மிணி, உளுந்தீங்களா, இளுத்தாங்களா?" என்று கேட்டார்.

இழுத்தார்கள் என்றேன். என்ன பைக், எந்தப் பக்கம் வந்தார்கள், கொடி அறுந்ததா கழுத்தோடு உருவினார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் மறுபடியும் "உளுந்தீங்களா, இளுத்தாங்களா?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் வீட்டில் இருப்பவர்கள் சந்தேகப்படுவது போதாதென்று இங்கே வந்தும் கேட்க வேண்டுமா என்று சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. "நான் கேக்கறதுக்கே கோவம் வந்தா, அங்க கேக்கறப்ப என்ன பண்ணுவீங்க? இப்ப நம்பறேன். தண்ணி குடிங்க" என்றார்.

சாந்தி காபி கொண்டு வந்தார். நான் டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். தனி டம்ளரா, எல்லோருக்கும் வைத்திருக்கிற டம்ளரா என்று பார்த்தேன் என்பதை மறைப்பானேன். குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். ஏட்டம்மா அதை எடுத்துப் போய்க் குழாயில் கழுவி, அதே டம்ளரில் தனக்குக் காபி ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து குடித்தார். "பாத்துட்டீங்களா? சந்தேகம் தீந்துதா? தீராட்டி இன்னும் நல்லது" என்றார்.

அப்போதுதான் அந்த மோர்க் கதையைச் சொன்னார். அவர் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்த காலம். ஒரு பெண் பிள்ளையின் வழக்கு. வாக்குமூலம் எழுத அந்த வீட்டுக்குப் போனபோது, நல்ல வெயில், பிள்ளையின் தாய் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். ஏட்டம்மா குடித்துவிட்டார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்தீர்களா இல்லையா, உப்புப் போட்ட மோரா போடாத மோரா, உபசாரம் முடிந்த பிறகுதானே எழுத ஆரம்பித்தீர்கள் என்று கேட்கக் கேட்க, கோர்ட்டே சிரித்தது.

"அது ஒண்ணுனாலயே கேசு போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா போச்சு. எல்லாரும் சிரிக்கறப்ப அந்தத் தாயி கதவோரமா நின்னுட்டு இருந்தாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னே அவங்களுக்கு வெளங்கல. அப்பறம் ஊர உட்டே போயிட்டாங்க. ரிட்டயர்டு ஆனதும் தேடினேன், கெடைக்கல" என்றார். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப நான் போலீசும் இல்ல. என்னைய புரோக்கருன்னு சொல்றதுக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும். அதனால கேசு முடியற வரைக்கும் அவங்க ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்கறதில்ல. முடிஞ்சா குடிக்கலாம்."

இதை ஏன் என் மாமியாரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இரக்கப்பட்டு இன்னும் நாலு டம்ளர் கொண்டாருவாங்க. கோவமா இருந்தா நீட்ட மாட்டாங்க" என்றார். ஊருக்கு வந்து மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்பதுதான் ஏட்டம்மாவின் அடுத்த கேள்வி. எனக்கு நினைவு சரியாக இல்லை. ஏதோ முட்டை வண்டி, அட்டை வாடை அடித்தது, அதன் டிரைவர் தன் தோளில் கிடந்த துண்டால் என் கையைக் கட்டினார், அவ்வளவுதான் தெரியும். துண்டு எங்கே என்று கேட்டார். தேடினோம். மாமியார் அதை அடுப்படியில் சட்டி இறக்குவதற்கு வைத்திருந்தார். கரிப்பிடித்த அந்தத் துண்டை ஏட்டம்மா வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒரு ஓரத்தில் கோழித் தீவனக் கடை ஒன்றின் பெயர் அச்சடித்திருந்தது. எங்கள் பக்கம் தீவனக் கடைக்காரர்கள் தீபாவளிக்குப் பண்ணைக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் அப்படித் துண்டு கொடுப்பார்கள்.

அந்தக் கடையில் விசாரித்து, அவர்களிடம் தீவனம் எடுக்கிற பண்ணைகளை ஒவ்வொன்றாகச் சுற்றினோம். பண்ணை வாசலில் எங்களை யாரும் உள்ளே விடவில்லை. கோழிக்கு நோய் வந்துவிடும் என்றார்கள். யூனியன் ஆளா, பத்திரிகையா என்றும் கேட்டார்கள். கடைசியில் ஒரு பண்ணையில், முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருந்த முருகேசன் என்கிற டிரைவர் என் கையைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். ஏட்டம்மா அதைக் கவனித்துவிட்டார்.

வெளியே வந்து பேசிய முருகேசன் முதலில் எல்லாவற்றையும் மறுத்தார். பிறகு துண்டைக் காட்டியதும், "ஆமாங்க, நாந்தான் சேத்தினேன்" என்றார். "உளுந்துட்டாங்கன்னு சொன்னா உடனே கட்டுப் போடுவாங்கன்னு நெனச்சேனுங்க. போலீஸ் கேசுன்னா எம்பட வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க. லோடு வேற நிக்குது. கழுத்துல ரத்தக் கோடு இருந்துச்சுங்க, பாத்தேன். ஆனா சொல்லல."

என் கழுத்தில் அந்தக் கோடு இன்னும் லேசாகத் தெரியும். நான் விழுந்து நாடகம் ஆடவில்லை என்று தெரிந்த ஒரே மனிதர் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ஆனால் இதை ஸ்டேஷனில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ஏட்டம்மாவை மேலும் கீழும் பார்த்து, "இதுல உங்களுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏட்டம்மாவோ மகிழ்ந்து போனார். "நல்ல கேள்வி கேட்டீங்க தம்பி. இதக் கேக்காம யாரு கூடவும் போகக் கூடாது. என்கிட்ட கேக்காதீங்க, நான் பொய் சொல்லுவேன். இந்தம்மாகிட்டக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார். ஒரு பைசா வாங்கியதில்லை, என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை, பஸ்ஸுக்கு அவர் டிக்கெட்டை அவரே எடுக்கிறார் என்றேன். முருகேசன் கையிலிருந்த முட்டை அட்டையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்கூடவா என்று கேட்டார். அடுத்த நாள் வந்தார். நடந்ததை இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அவர்கள் வண்டியைப் பிடித்து வைக்கவில்லை. டாக்டரும் கழுத்துத் தழும்பைப் பார்த்துத் திருத்திச் சான்று கொடுத்தார்.

மனுக் கொடுக்கப் போன அன்று ஏட்டம்மா கோர்ட் வாசல்வரைதான் வந்தார். "உள்ள நீங்களே போங்க. நான் வந்தா என் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாங்க" என்றார். போவதற்கு முன் என் பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். கோர்ட்டுக்குப் போகும்போது நம் தண்ணீர் நம்மிடம் இருக்க வேண்டும், யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் தொடக் கூடாது, டீக்குப் பின்னால்தான் வெற்றுத்தாள் வரும் என்பது அவர் கட்டளை. அவர் சொன்ன மாதிரியே வெள்ளைச் சட்டைக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். டீ சாப்பிடலாமா என்றார். நான் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு உள்ளே போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னால் பைக் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிடுவேன். யாருக்கும் சொன்னதில்லை. அன்று திரும்பி நடக்கும்போது ஏட்டம்மா அதைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அதற்கென்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் இலவசம்தான் என்றார். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். "கைக்கு வைத்தியம் பாக்கறீங்களே, கை பைத்தியமா? பயத்துக்கும் வைத்தியம் இருக்குதுங்க அம்மிணி" என்றார். போனேன். இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறேன். கண்ணாடியை அடிக்கடி பார்ப்பேன், அது வேறு விஷயம்.

வைத்தியத்துக்கான முன்தொகை வந்தது. ஆபரேஷன் நடந்தது. பயிற்சி செய்யச் செய்யக் கை மெதுவாக மடங்கியது. முதன்முதலாக என் கையால் சோறு அள்ளி வாயில் வைத்த அன்று மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தார். "மடங்குதா சாமி?" என்று மட்டும் கேட்டார். மடங்குகிறது என்றேன். நாத்தனாருக்கு அவரே போன் போட்டு, இனிமேல் என் மருமகளைப் பற்றி இங்கே பேசாதே என்று சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது.

இறுதி உத்தரவு சமீபத்தில்தான் வந்தது. ஏட்டம்மாவுக்குப் போன் போட்டேன். "யாரு சொன்னா வந்துருச்சுன்னு?" என்றார். கையில் வைத்திருக்கிறேன் என்றேன். சீல் இருக்கிறதா என்று கேட்டார். முழுவதையும் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "பணம் பேங்க்ல ஏறட்டும். அப்பறம் நம்பலாம்" என்றார். ஏறியது. சொன்னேன். எப்போதும் போன் பேசி முடித்ததும் சட்டென்று வைத்துவிடுபவர், அன்றைக்கு வைக்காமல் இருந்தார். "ஞாயித்துக்கெழம வாரேன். உங்க மாமியாள ஒரு சொம்பு தண்ணி எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்றார்.

மாமியார் பரண் மேல் கிடந்த பித்தளைச் சொம்பை இறக்கிப் புளி போட்டு விளக்கினார். அது காய்வதற்குள் அந்தப் போன் வந்துவிட்டது.

மறுநாள் நான் சேலத்துக்குக் கிளம்பும்போது மாமியார் அந்தச் சொம்பில் தண்ணீர் மொண்டு, அதிலிருந்து என் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "நம்மூட்டுத் தண்ணி. குடிக்கறேன்னு சொன்னவிய. கொண்டு போ" என்றார்.

அஸ்தம்பட்டி சந்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தள்ளித் தள்ளிச் சிலர் நின்றார்கள். நானும் அங்கே போய் நின்றேன். பக்கத்தில் நின்ற ஆளை நான் சந்தேகமாகப் பார்த்தேன், அவரும் என்னை அப்படியே பார்த்தார். எப்படிப் பழக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நமக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டி வரும்.

பக்கத்து வீட்டுக்காரர், கிழக்கு வீடுதான், டம்ளர்களில் தண்ணீர் கொண்டு வந்தார். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று தலையசைத்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் பைக்குள் கைவிட்டு அவரவர் பாட்டிலை எடுத்தார்கள். அப்போதுதான் நாங்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தோம். சேலை முந்தானையை ஒரு பக்கக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த ஒரு பெண் என்னிடம் மெல்ல, "உங்கூட்டுலயும் குடிக்கலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஊர் இளம்பிள்ளை, தொழில் தறி என்று மட்டும் தன்னைப் பற்றிச் சொன்னார்.

எடுப்பதற்கு முன் வாயில் பால் விடக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் முடித்ததும் நான் சாந்தியிடம் போய், "பாலுக்குப் பதிலா எங்கூட்டுத் தண்ணி உடட்டுங்களா?" என்று கேட்டேன். சாந்தி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க கேசு முடிஞ்சுதுங்களா அக்கா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க சாமி. பணமும் ஏறிருச்சு."

"அப்ப உடுங்க."

விட்டேன். கை நன்றாக மடங்கியது. கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டேன். எனக்குப் பின்னால் சுவரோரத்திலிருந்து சிலர் பாட்டிலோடு வந்தார்கள். சிலர் வரவில்லை. இளம்பிள்ளைக்காரர் நகரவே இல்லை. கூப்பிட்டேன். "என்னோடது இன்னும் முடியலீங்க" என்று சொல்லிவிட்டு, மூடிய பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வண்டி போன பிறகு அவரிடம் போனேன். அடுத்த முறை கோர்ட்டுக்குப் போகும்போது நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க?" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. என் நம்பரைக் கொடுத்து, சாந்தியிடம் என்னைப் பற்றி விசாரித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன்.

விசாரித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். நேற்று இளம்பிள்ளை போயிருந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அவருடைய அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். வேண்டாமுங்க என்றேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு நடையில் பார்த்தது. காரணம் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். மகள் மட்டும் முந்தானைக்குள் சிரித்தார்.

ஏட்டம்மா, எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டீர்கள். இனி நமக்குள் பாக்கி எதுவும் இல்லை. போய் வாருங்கள். போகிற வழியில் யாரையும் நம்ப வேண்டாம்.